தகரப் பெட்டி நிறையச் செப்புக் காசு: விலை போகுமா?

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலேய மூதாட்டி, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய செப்புக் காசுகளை எனக்குத் தந்துவிட்டுப் போனார். 1797 என்று போட்ட மிகத் தடிப்பான காசு ஒன்று, விக்டோரியா மகாராணியின் தலை உள்ள இங்கிலாந்துப் பென்னிகள் பத்துப் பன்னிரண்டு, 1935 பென்னி சில, 1844 என்ற மிகச் சின்னக் காசு, 1859 கனடாச் சதம் இரண்டு, 1882, 1907, 1911 பெரிய சதங்கள், குதிரைவீரன் ஒருவன் பறவைநாகத்தைக் குத்தும் 1854 காசு, ஒரு 1925 சின்னச் சதம், "நியூ பென்ஸ்" என்று எழுதிய 1971 இரண்டு பென்ஸ் எல்லாம் இருக்கின்றன. காசுக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக 60 டொலர் தருகிறேன் என்றார். கொடுத்துவிடலாமா? எல்லாம் கறுத்துப் போயிருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் இன்னும் கூடிய விலை கிடைக்குமா?
ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் அவசரம். தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். எலுமிச்சை, வினாகிரி, உப்பு, பாத்திரம் துலக்கும் பொடி, பித்தளை பளபளப்பாக்கும் திரவம், எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் செய்வதைக் காசுக்குச் செய்தால் அதன் மேல்தோல் போய்விடும். புளியில் உள்ள அமிலம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, நூறு வருடத்தில் செம்பின் மேல் படிந்து இறுகிய பழுப்பு நிறத்தையும் அதன் அடியில் உள்ள மெல்லிய உலோகத்தையும் சேர்த்தே எடுக்கிறது. பிறகு தெரிவது ஒரு மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். பழகிய கண் அதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். சேகரிப்பவர்கள் பழுப்புக் காசைத்தான் தேடுகிறார்கள். தேய்த்துக் கழுவிய காசுக்குப் பாதி விலை கிடைத்தாலே பெரிய விஷயம், அரிய காசாக இருந்தால் இழப்பு அதைவிட அதிகம். இழந்த நிறத்தைத் திரும்ப வரவைக்கவும் வழி இல்லை.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்கலாம். பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசுக்குப் பிடித்திருந்தால் சுத்தமான அசிட்டோன் உதவும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அதை வாங்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். தூள் தூளாக உதிரும் பச்சைக் களிம்பு வேறு விஷயம். அது உலோகத்தையே அரிக்கிறது, பக்கத்துக் காசுக்கும் ஈரத்தோடு சேர்ந்து பரவும். அப்படி ஒன்று இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். செம்பில் விரல் பட்டால் அந்த ரேகை சில மாதத்தில் கறுப்பாக எழும்பி வந்து அப்படியே நின்றுவிடும்.

சரி, விலைக்கு வருவோம். பழையது என்பதால் விலை வரும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். உங்கள் 1859 சதங்களையே பாருங்கள். கனடா என்ற நாடு 1867இல்தான் உருவானது. அதற்கு முன்பிருந்த கனடா மாகாணத்துக்காக லண்டனில் அடித்த காசு அது. 160 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்த வருடத்துக் காசுகள் 95 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டன. அப்போதிருந்த மக்கள்தொகைக்கு அது மிக அதிகம். அடுத்த சதம் அடிக்க 1876 வரை தேவையே வரவில்லை என்றால் எவ்வளவு தேங்கிக் கிடந்திருக்கும் என்று யோசியுங்கள். அதனால் தேய்ந்த 1859 சதம் இன்றைக்கும் சில டொலருக்குள்தான். அதற்கு ஒரு வருடம் முந்திய 1858 சதம் நாலே கால் லட்சத்துக்கும் குறைவு. அது தேய்ந்திருந்தாலும் பல மடங்கு போகும். ஒன்றில் 9க்கு அடியில் 8 இன் வளைவு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். 1858 அச்சைத் திருத்தி 1859 ஆக்கிய வகைகள் உண்டு, அவற்றைத் தேடுபவர்களும் உண்டு.

எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம். செப்புக் காசில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அதன் நிலை. வெள்ளியும் தங்கமும் தேய்ந்தாலும் உலோக விலை இருக்கிறது. செம்புக்கு அந்த ஆதரவு கிடையாது. ஒரே வருடத்துக் காசு, தேய்ந்தால் ஒரு டொலர், அச்சடித்தபோது இருந்த சிவப்பு மினுக்கம் குலையாமல் இருந்தால் பல நூறு டொலர் என்று ஆவது சாதாரணம். பட்டியல் புத்தகத்தில் பார்க்கிற உச்ச விலை அந்த இரண்டாவது காசுக்குரியது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் முதலாவது.

உங்கள் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 1797. அதை எடை போடுங்கள். 28 கிராம் சொச்சம், குறுக்களவு 36 மில்லிமீட்டர் என்றால் பென்னி. 56 கிராமுக்கு மேல், 41 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பென்ஸ். அகன்ற விளிம்பும் அதில் உள்ளே குழிந்த எழுத்தும் இருப்பதால் ஆங்கிலத்தில் வண்டிச் சக்கரம் என்றே இதற்குப் பெயர். பேர்மிங்காம் அருகே சோஹோவில் மேத்யூ போல்ட்டன் நீராவி இயந்திரத்தால் அடித்தது. ஒரு பென்னியில் ஏறக்குறைய ஒரு பென்னி பெறுமதியான செம்பு இருக்க வேண்டும் என்பது திட்டம். அதனால்தான் சரியாக ஒரு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் எடையில் செய்தார்கள். எடை அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் சமையலறையிலும் கடைகளிலும் இதைப் படிக்கல்லாகவே வைத்துக்கொண்டார்கள். விளைவு, இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றின் விளிம்பு நசுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். பெரிய அடி இல்லாமல், ஜோர்ஜ் அரசரின் தலையில் இலைமாலை பிரிந்து தெரிந்து, பின்புறம் உள்ள பிரிட்டானியா என்ற பெண்ணுருவின் ஆடை மடிப்புகள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் நல்ல காசு. நசுங்கித் தேய்ந்த பென்னி இருபது முப்பது டொலர் பக்கம் நிற்கும். நன்றாக இருந்தால் நூறைத் தாண்டலாம். இரண்டு பென்ஸாக இருந்தால் இன்னும் கூட.

விக்டோரியா பென்னிகளில் 1860தான் எல்லைக்கோடு. அதற்கு முன் அடித்தவை உண்மையான செம்பு, 34 மில்லிமீட்டர், 18 கிராமுக்கு மேல். 1860இலிருந்து 95 பங்கு செம்பு, 4 பங்கு தகரம், ஒரு பங்கு துத்தநாகம் சேர்ந்த வெண்கலம், எடை பாதியாகி 9.45 கிராம். எல்லாவற்றையும் நாம் செப்புக் காசு என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் உங்களுடையவை அநேகமாக வெண்கலம். கொண்டை போட்ட இளம் மகாராணி 1894 வரை, முக்காடிட்ட வயதான முகம் 1895 முதல் 1901 வரை. தேய்ந்தவை ஒவ்வொன்றும் ஓரிரு டொலர்தான். ஆனால் ஆண்டை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1869, 1871 இரண்டும் குறைவாகக் கிடைப்பவை. ஆண்டுக்குக் கீழே சின்ன எச் எழுத்து இருந்தால் அது பேர்மிங்காமின் ஹீட்டன் நிறுவனத்தில் அடித்தது. அதில் 1875 எச் தேடப்படுவது. 1882இல் நிலைமை தலைகீழ், எச் உள்ளதுதான் சாதாரணம், எச் இல்லாதது மிக மிக அரிது. உங்களிடம் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரிந்தால் சந்தோஷப்படும் முன் நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எச் தேய்ந்து மறைந்த காசுகள்தான் பத்துக்கு ஒன்பது. ஆண்டின் எண்களே மங்கலாக இருந்தால் அந்தக் காசை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அந்தச் சின்ன 1844 காசு அரை ஃபார்திங்காக இருக்க வேண்டும். ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. இது நம்மவர்களுக்குச் சொந்தமான கதை. முதலில் 1828இலிருந்து இலங்கையில் புழங்குவதற்கென்றே அடித்த காசு, 1842இல்தான் பிரிட்டனிலும் செல்லுபடியாக்கினார்கள். 1844 நிறைய அடித்த வருடம், ஆகவே சில டொலருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விற்காமல் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

குதிரைவீரனும் பறவைநாகமும் உள்ள 1854 காசை அரசாங்கம் வெளியிடவில்லை, மேல் கனடா (இன்றைய ஒன்டாரியோ) வங்கி வெளியிட்டது. அந்தக் காலத்தில் இங்கே சில்லறைக்குக் கடும் தட்டுப்பாடு. வங்கிகளும் வியாபாரிகளும் தாங்களே டோக்கன்கள் அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். இந்த வங்கி 1850, 1852, 1854, 1857 ஆகிய ஆண்டுகள் பொறித்துப் பென்னியும் அரைப் பென்னியும் கொண்டுவந்தது. பிறகு 1866இல் வங்கியே மூழ்கிவிட்டது. நிறையக் கிடைப்பதால் ஐந்து பத்து டொலர் என்று வையுங்கள். ஆனால் 4 என்ற எண்ணின் படுக்கைக் கோட்டு முனையில் சிறிய நெடுக்குக் கோடு ஒன்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை சற்று அரிது. கனடா டோக்கன்களில் விலை இப்படிச் சின்னச் சின்ன வேறுபாட்டில்தான் ஒளிந்திருக்கிறது, அதனால் யாராவது "டோக்கன்தானே" என்று அலட்சியமாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மொன்றியல் வங்கிக் கட்டடத்தைப் பக்கவாட்டில் காட்டும் 1838, 1839 டோக்கன்கள் இன்றும் நல்ல பணம்.

பெரிய சதங்களில் 1882 எல்லாமே எச் உள்ளவைதான், எச் இருப்பதால் கூடுதல் விலை இல்லை. 1907ஐத்தான் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பின்புறத்தில் ஆண்டுக்குக் கீழே, அடி விளிம்பை ஒட்டிய இடத்தில் தேடுங்கள். எச் இருந்தால் எட்டு லட்சம் மட்டுமே அடித்த வகை, தேய்ந்திருந்தாலும் பத்து டொலருக்கு மேல். இல்லாவிட்டால் ஓரிரு டொலர். 1911இல் அரசர் பெயரோடு வழக்கமாக வரும் "கடவுளின் அருளால்" என்ற லத்தீன் சொற்கள் விடுபட்டு, மக்கள் கோபப்பட்டு, அடுத்த வருடம் திரும்பச் சேர்த்தார்கள். கதை பிரபலம், காசு ஏராளம்.

1925 சின்னச் சதத்தை மட்டும் இப்போதே தனி உறையில் போடுங்கள். கனடா 1920இல் பெரிய சதத்தை விட்டு, 19 மில்லிமீட்டர் அளவும் 3.24 கிராம் எடையும் உள்ள சின்னச் சதத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு சில வருடங்கள் தேவை குறைந்ததால் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். 1922 முதல் 1926 வரை உள்ளவை எல்லாமே எடுத்து வைக்க வேண்டியவை. 1925இல் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. நல்ல தேய்மானம் உள்ளதே பதினைந்து இருபது டொலர் பெறும். நிலையைப் பார்க்க ஐந்தாம் ஜோர்ஜின் கிரீடத்தைப் பாருங்கள். கிரீடத்தின் அடிப்பட்டையே தெரியாமல் வழவழப்பாக இருந்தால் கீழ்த்தரம். பட்டை தெளிவாகி மணிகள் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். மணிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால், தேய்ந்த காசின் விலையை மறந்துவிட்டு ஒரு நிபுணரிடம் நேரே காட்டுங்கள்.

1936 சதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வலையில் தேடினால் கட்டாயம் கண்ணில் படும். எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் பதவி துறந்ததால் புதிய அரசரின் அச்சுகள் வந்து சேரத் தாமதமானது. அந்த இடைவெளியில் பழைய 1936 அச்சில் ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி சேர்த்தார்கள். புள்ளியுள்ள சதங்கள் மூன்றுதான் இருப்பதாக அறியப்பட்டிருக்கிறது. 2010இல் ஒன்று நான்கு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் ஏலம் போனது. புள்ளியில்லாத 1936 சதம் நிறையக் கிடைக்கும். அதில் புள்ளி ஒட்டியும் குத்தியும் ஏமாற்ற முயல்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் 1933 பென்னியும் இப்படித்தான். ஏழு எட்டு மட்டுமே உள்ள காசு அது. கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் வைப்பதற்காகச் சில அடிக்கப்பட்டன, ஒன்றை லீட்ஸில் ஒரு தேவாலயத்தின் அடியிலிருந்து 1970இல் திருடிவிட்டார்கள். 1935ஐச் சுரண்டி 1933 ஆக்கிய போலிகளும், நினைவுப்பொருளாக விற்கும் நகல்களும் நிறைய உலவுகின்றன. உங்கள் 1935 பென்னிகள் சாதாரணக் காசுகள், மிகச் சொற்ப விலைதான்.

1971 இரண்டு பென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டு யாரோ பட்டியலிட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1981 வரை வந்த எல்லா இரண்டு பென்ஸிலும் "நியூ பென்ஸ்" என்றுதான் இருக்கும். 1983இல் அந்த இரு சொற்களும் தவறுதலாக வந்துவிட்ட சில காசுகளுக்குத்தான் விலை. விற்பவர் கேட்கும் விலை ஒருவருடைய ஆசை மட்டுமே. இபே போன்ற தளங்களில் "விற்றுமுடிந்தவை" என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். அதிலும் உங்கள் காசின் நிலைக்குச் சமமான படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது அந்த 60 டொலர். கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணச் செப்புக் காசு அவர் கடையில் வருடக்கணக்கில் கிடக்கும். வாடகை, நேரம், லாபம் எல்லாம் பார்த்து, நன்றாக விற்கும் காசுக்கே சில்லறை விலையில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் கொடுப்பார்கள். மலிவானவற்றை எண்ணிப் பார்க்காமல் கைப்பிடி கணக்கில் வாங்குவார்கள். நீங்கள் சொன்ன விவரப்படி 1797உம் 1925உம் சேர்ந்தாலே அவர் விற்கும் விலை ஐம்பதை ஒட்டும். விக்டோரியா பென்னிகளிலும் 1907இலும் ஒன்றும் அகப்படாவிட்டால், எல்லாவற்றுக்குமாக அறுபது என்பது அநியாயம் இல்லை. அகப்பட்டால் மிகக் குறைவு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஒரு மாலைப்பொழுது, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, கிராமின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், இவ்வளவு போதும். காந்தத்தில் ஒட்டினால், அல்லது எடை நான் சொன்னதற்கு வெகு தூரமாக இருந்தால், அந்தக் காசை ஒதுக்கி வையுங்கள். பிறகு குறைந்தது இரண்டு கடைகளில், பெட்டி மொத்தத்துக்கும் ஒரு விலை என்று இல்லாமல், பிரித்து வைத்த நாலைந்து காசுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். நாணயக் கண்காட்சி நடக்கும் நாளில் போனால் ஒரே கூடத்தில் பல வியாபாரிகளிடம் கேட்கலாம். ராயல் கனடியன் நியூமிஸ்மாட்டிக் அசோசியேஷன் என்ற நாணயச் சேகரிப்பாளர் அமைப்பு மூலமாக உங்கள் பகுதிச் சங்கங்களைக் கண்டுபிடிக்க முடியும். அங்குள்ள பெரியவர்கள் காசைக் காட்டினால் ஆசையோடு விளக்குவார்கள்.

தரச் சான்றிதழ் எடுக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரொறன்ரோவில் ஐ.சி.சி.எஸ்., அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காசைச் சோதித்துத் தரம் எழுதி உறையிட்டுத் தருகின்றன. நூறு டொலருக்குக் குறைந்த காசுக்கு அந்தச் செலவு வீண். அரிய வகை என்று சந்தேகம் வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

மிஞ்சியவற்றைச் செம்பு விலைக்குக் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், இங்கே கனடாக் காசை உரிமம் இல்லாமல் உருக்குவது சட்டப்படி குற்றம். 1996 வரை வந்த சதங்களில் செம்பு அதிகம் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த வழி வேண்டாம். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆண்டு வரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஒரு நல்ல பழக்கம் ஆரம்பிக்கும்.

இன்னொன்று. அந்த மூதாட்டியைப் போய்ப் பார்க்க முடிந்தால், இந்தக் காசுகள் யார் சேர்த்தவை, எந்த ஊரிலிருந்து வந்தவை என்று கேட்டு எழுதி வையுங்கள். விலை கூடாது, ஆனால் சேகரித்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் ஒவ்வொரு காசையும் ஏதோ காரணத்தோடுதான் எடுத்து வைத்திருப்பார். அப்படியானால் பென்னிகளின் ஆண்டுகளை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

1797, 1907, 1925 மூன்றையும், எச் எழுத்துள்ள பென்னி ஏதாவது இருந்தால் அதையும், இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பிளாஷ் வேண்டாம். வெள்ளைத் தாளில் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழும்படி, நேர் மேலிருந்து எடுங்கள். விளிம்பின் படமும் ஒன்று வேண்டும், 1797க்கு முக்கியமாக. பார்த்துவிட்டுத் தனித்தனியாக எழுதுகிறேன்.